சுருதி கொடுக்காத மிஸ்

"சத்தம் நிக்கணும், அவ்வளவுதானே? நிறுத்திடலாம்."

"நிறுத்திடலாம், நிறுத்திடலாம்னு போன வாரமும் சொன்ன."

"போன வாரம் நீ தலைவலின்னு மட்டும்தான் சொன்ன. ஸ்கூல் பிரிட்ஜுன்னு சொல்லல. சரி, எப்படிக் கத்துது? பண்ணிக் காட்டு."

"இப்பவா? சாப்பிடும்போதா?"

"டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னா நேரம் பார்ப்பியா?"

அவள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, தொண்டையைச் சரிசெய்து, முதுகை நிமிர்த்தி, "ம்ம்ம்ம்ங்..." என்று நீளமாக முனகினாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பரிமாற வந்த அண்ணி கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"நாலு வருஷம் சாயங்கால கிளாஸுக்குப் போய்ச் சங்கீதம் படிச்சது இதுக்குத்தானா, டீச்சரம்மா?"

"உஷ்," என்றான் அண்ணன். "இன்னொரு தடவை பண்ணு, பாப்பா. மூச்சு விடாம."

அவன் பிரிட்ஜ் மெக்கானிக். போனில் கேட்டே பாதி வியாதியைச் சொல்லிவிடுவான். வாடிக்கையாளர்கள் ரிசீவரைப் பிரிட்ஜின் முதுகில் வைத்துப் பிடிப்பதும், இவன் தெருவோரத்தில் நின்று தலையாட்டிக் கேட்பதும் அந்தக் குடும்பத்தில் சாதாரணமாக நடக்கிற காரியம். இரண்டாவது முனகல் முடிந்ததும் தீர்ப்பு வந்தது.

"கதவு ரப்பர் கிழிஞ்சிருக்கு. குளிர் வெளியே போய்க்கிட்டே இருக்கும். அதனால மோட்டாருக்கு ஓய்வே கிடையாது, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஒரே ஓட்டம். அடியில இருக்கற ரப்பர் காலும் தேஞ்சு, முதுகு சுவத்துல இடிச்சுக்கிட்டு நிக்குது. அதான் அந்தப் பக்கம் உனக்குக் கேக்குது. எத்தனை நாளா இப்படி?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்க போய்ச் சேர்ந்தே அஞ்சு வாரம்தான்."

ஐந்து வாரம்தான். ஆனால் அந்த ஐந்து வாரத்துக்காக அவள் எத்தனை வருஷம் காத்திருந்தாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பு அவள் ஒரு கால் சென்டரில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத ஆட்களிடம் "கொஞ்சம் லைன்ல இருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். லைனில் இருப்பவர்களுக்காக ஓடும் இசைக்கு மேசைக்கடியில் ஒரு விரலால் தாளம் காட்டுவாள். பஸ்ஸில் போகும்போது மழை பெய்தால் முன்கண்ணாடியைத் துடைக்கும் இரண்டு வைப்பர் கைகளையும் பார்த்து, இடது கை கொஞ்சம் பிந்துகிறது என்று வருத்தப்படுவாள். சேர்ந்திசைக் குழு நடத்துவதற்கான படிப்பைச் சாயங்காலங்களில் படித்து முடித்தபோது, அவள் ஒரு கையால் இருபத்தாறு பேரை மூச்சு இழுக்க வைப்பதுபோல் கனவு கண்டாளாம். கனவில் எண்ணிப் பார்த்தாயா என்று அண்ணி கேட்டாள். எண்ணினேன் என்று இவள் சொன்னாள். அப்படிப்பட்ட ஆள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடத்தின் சேர்ந்திசைக் குழுவில் உண்மையாகவே இருபத்தாறு பிள்ளைகள் இருந்தார்கள். ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு வரை. கொயர் மிஸ் வேலை முதல் பருவத்துக்கு மட்டும், தற்காலிகம். பருவ முடிவில் பெற்றோர் தினம். அதில் பிள்ளைகள் பாடுவதைக் கேட்டுவிட்டு முதல்வர் முடிவு செய்வார்: நிரந்தரமா, மறுபடியும் "கொஞ்சம் லைன்ல இருங்க"வா என்று.

இசை அறை பல வருஷங்களுக்கு முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த இடம். பாதி நாற்காலிகள் இன்னும் ஒரு மூலையில் காலைத் தூக்கிக்கொண்டு கிடந்தன. மூன்று நீளப் பெஞ்சுகள், ஐந்து கோடு கிழித்த ஒரு கரும்பலகை, இரண்டு கட்டை ஊமையாகிவிட்ட ஒரு கீபோர்டு. சுவருக்கு அந்தப் பக்கம் ஆசிரியர்கள் சாப்பிடும் அறை. அங்கேதான் அந்தப் பிரிட்ஜ்.

முதல் வாரம் பிள்ளைகளின் பெயர்கள் மனத்தில் நிற்கவில்லை. தன் நோட்டில் ஆளுக்கு ஓர் அடையாளம் எழுதி வைத்துக்கொண்டாள். பாட்டின் நடுவே தும்மாமல் இருக்க முடியாத சிறுமி 'தும்மல்'. எதற்கெடுத்தாலும் எழுந்து நின்று வாதாடும் சிறுவன் 'வக்கீல்'. பெயர்கள் பிறகு மனப்பாடமாகிவிட்டன, ஆனால் நோட்டில் இருந்ததுதான் நாக்கில் முதலில் வரும். கடித்து விழுங்கிக்கொள்வாள்.

அவளிடம் ஓர் இசைக்கவை இருந்தது. முழங்கையில் தட்டினால் ஒரே சுரத்தில் ரீங்கரிக்கும், இரண்டே பல் உள்ள எஃகுக் கரண்டி. அதைக் காதோரம் வைத்துக் கேட்டு, அதிலிருந்து எண்ணிக் கீழிறங்கி, பாட்டின் முதல் சுரத்தைப் பிள்ளைகளுக்கு முனகிக் காட்டுவாள். பிள்ளைகள் அதை வாங்கிக்கொள்வார்கள். வாங்கி, ஒரு நொடி வைத்திருந்து, இருபத்தாறு பேரும் சொல்லிவைத்தாற்போல் கொஞ்சம் கீழே இறக்கிவிடுவார்கள். அரைச் சுரம்கூட இல்லை, அதற்கும் குறைவு. தினமும் அதே அளவு.

"கீழ போறீங்க. நான் குடுத்தது இது. ம்ம்ம்."

"இல்ல மிஸ்," என்று வக்கீல் எழுந்தான். "நாங்க சரியாத்தான் இருக்கோம். நீங்கதான் மேல போறீங்க."

"நான் இல்லடா. இந்தக் கம்பி சொல்லுது."

"கம்பி மேல போயிருக்கலாம் மிஸ்."

தன் காதைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது. அதனால் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள்.

பிறகு வந்தது அந்தப் புதன்கிழமை. அன்று பையைத் துழாவினால் இசைக்கவை இல்லை. முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் வைத்ததை அண்ணி எடுத்துக் கழுவி, முள்கரண்டிகளோடு சேர்த்து நிறுத்தி வைத்துவிட்டாள் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. கீபோர்டிலோ முதல் சுரத்துக்கு உரிய கட்டைதான் ஊமை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் முதல்வர் வந்து நின்றார்.

வேறு வழியில்லை. அவள் கையை உயர்த்தினாள், இறக்கினாள். இருபத்தாறு பேரும் ஒரே சுரத்தில், ஒரே நொடியில், கத்தியால் நறுக்கினாற்போல் பாட்டைத் தொடங்கினார்கள்.

முதல்வர் உள்ளே வந்தார். எதைப் பேசினாலும் "மூணு விஷயம்" என்று ஆரம்பித்து இரண்டோடு நிறுத்திவிடுவது அவர் வழக்கம்.

"மூணு விஷயம். ஒண்ணு, நீங்க சுருதியே குடுக்கல. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். ரெண்டு, எல்லாரும் ஒரே இடத்துல போய் நின்னாங்க. எப்படிம்மா இது?"

அவளுக்கே ஆச்சரியம்தான். ஆனால் ஆச்சரியத்தை முகத்தில் காட்டுவதற்குள் உச்சி குளிர்ந்துவிட்டது. காதோரம் முடியை ஒதுக்கிக்கொண்டு, "பழக்கம்தான் மேடம்," என்றாள்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. மறுவாரமே பெற்றோர் தின அழைப்பிதழ் அச்சாகி வந்தது. அதில் கடைசிக்கு முந்தின வரி: 'சுருதி கொடுக்கப்படாமலேயே ஒரே குரலாய்த் தொடங்கும் நம் சேர்ந்திசைக் குழு.' முந்நூறு பிரதிகள். ஒன்றை அண்ணி சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தாள்.

இத்தனை பெருமைக்குப் பிறகு, சுவருக்கு அப்பால் ஒரு பிரிட்ஜ் முனகிக்கொண்டிருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை என்பதில் வியப்பில்லை. பெரிய கலைஞர்களுக்கு எல்லாமே இடைஞ்சல்.

சனிக்கிழமை காலை அண்ணன் தன் பெட்டியோடு வந்தான். சாப்பாட்டு அறைக்குப் பொறுப்பு டீ அக்கா. ஆசிரியர்கள் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுப்பவள், அந்தப் பிரிட்ஜைத் தினம் இரண்டு முறையாவது திட்டுபவள். அண்ணன் கதவு ரப்பரை மாற்றினான், அடியில் நான்கு புதிய ரப்பர் கால்களைத் திருகினான், முதுகில் வருஷக்கணக்காய் ஒட்டியிருந்த தூசியை எடுத்தான், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினான்.

"இப்ப காதை வச்சுக் கேட்டாத்தான் ஓடுதுன்னே தெரியும்," என்றான். அண்ணன் வாழ்க்கையில் சொல்லும் மிகப் பெரிய கவிதை இதுதான்.

திங்கட்கிழமை இசை அறையில் அமைதி பஞ்சு மாதிரி நிறைந்திருந்தது. அவள் ஆசையோடு மூச்சு விட்டாள். பெஞ்சுகளைப் பார்த்துப் புன்னகைத்தாள். கையை உயர்த்தி, இறக்கினாள்.

பஸ் நிலையத்தில் ஒரே நேரத்தில் எட்டு பஸ் கிளம்பினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

"நிறுத்து, நிறுத்து. மறுபடியும்."

மறுபடியும் எட்டு பஸ். இந்த முறை ஒன்று பின்பக்கமாகவும் போனது. தும்மல் தும்மினாள். அதுதான் கொஞ்சமாவது சுருதியில் இருந்தது.

"என்ன ஆச்சு உங்களுக்கு? போன வாரம் எல்லாரும் எவ்வளவு அழகாத் தொடங்கினீங்க?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தும்மல் கையைத் தூக்கினாள்.

"மிஸ், ரூம் காலியா இருக்கு."

"இருபத்தாறு பேர் உக்காந்திருக்கீங்க. எங்க காலி?"

"ஆள் இல்ல மிஸ். அது... இங்கேயே இருக்குமே, எப்பவும்? நாம வர்றதுக்கு முன்னாடியே இருக்கும். ம்ம்ம்ம்ங்... அது."

அந்தச் சிறுமி முனகியது, சாப்பாட்டு மேசையில் தான் அண்ணனுக்கு முனகிக் காட்டிய அதே சத்தம். அதே உயரம். பாட்டின் முதல் சுரத்துக்குக் கொஞ்சம் கீழே, அரைச் சுரம்கூட இல்லை.

அவள் திரும்பி, சத்தம் போடாத அந்தச் சுவரைப் பார்த்தாள்.

மணி அடித்துப் பிள்ளைகள் போனதும் அவள் சாப்பாட்டு அறைக்கு ஓடினாள். டீ அக்கா பிரிட்ஜை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள், குழந்தைக்கு முகம் துடைப்பது போல.

"வா கண்ணு. உங்க அண்ணன் கைராசிக்காரர். இனிமே பால் திரியாது."

"அக்கா, இது எத்தனை வருஷமா அப்படி முனகிக்கிட்டு இருந்துச்சு?"

"நான் வந்து ஏழு வருஷம். நான் வரும்போதே அப்படித்தான்."

ஏழு வருஷம். வகுப்பில் யாரும் ஏழு வருஷம் முன்பு பாட வந்தவர்கள் இல்லை. ஆனால் பெரிய பிள்ளைகளைப் பார்த்துச் சின்னவர்கள் பாடினார்கள், அந்தப் பெரியவர்கள் தங்களுக்கு முந்தியவர்களைப் பார்த்து. எல்லோருக்கும் பின்னால், நேரம் தவறாமல், ஒரு நாள் லீவு போடாமல், பிரிட்ஜ் சுருதி கொடுத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, இதைக் கொஞ்சம் சுவத்தோட ஒட்டித் தள்ளலாமா?"

"எதுக்கு?"

"சும்மா."

டீ அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். இருந்தாலும் தள்ளினார்கள். அடுத்த வகுப்பில் சுவர் லேசாய் முனகியது. பிள்ளைகளின் முகம் மலர்ந்தது. பாட்டு பிடித்துக்கொண்டது, இரண்டு வரி ஒன்றாய் ஓடியது. மூன்றாவது வரியில் உள்ளே போதுமான அளவு குளிர்ந்துவிட்டதால் பிரிட்ஜ் தன் பாட்டுக்கு நின்றது. இப்போது அதற்குத்தான் ஓய்வு உண்டே. பாட்டு படிக்கட்டில் உருண்டது.

"கதவைத் திறந்து வச்சா ஓடிக்கிட்டே இருக்கும்," என்று யோசனை சொன்னவள் டீ அக்காதான். திறந்து வைத்தார்கள். மதியம் கணக்கு ஆசிரியரின் தயிர் என்ன ஆனது என்பதை விசாரிக்க அவரே நேரில் வந்தார். அதோடு அந்த யோசனை முடிந்தது.

வீட்டுக்கு வந்து, பையைக்கூட இறக்காமல், "அண்ணா, நீ அந்தப் பிரிட்ஜைப் பழையபடி ஆக்கிக் குடு," என்றாள்.

அண்ணன் வாயில் கொண்டுபோன கையை நிறுத்தினான். "பழையபடின்னா?"

"கெட்டுப்போன மாதிரி."

"இத்தனை வருஷத் தொழில்ல கெட்டதைச் சரி பண்ணச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்காங்க. சரியானதைக் கெடுக்கச் சொல்லி வந்த முதல் கஸ்டமர் நீதான், பாப்பா."

அவள் நாற்காலியில் விழுந்து முழுக் கதையையும் சொன்னாள். அண்ணி முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு பொத்தாமல் சிரித்தாள், பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேசாம பிரிட்ஜுக்கு ஒரு யூனிபார்ம் தச்சு முதல் வரிசையில நிறுத்திடு. உசரமா இருக்கே, பின் வரிசையில வேணா நிறுத்து."

"அண்ணி, என் வேலை போயிடும்."

அவள் சொன்ன விதத்தில் அண்ணியின் சிரிப்பு நின்றது. அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"சரி, கெடுத்தே குடுக்கறேன்னு வச்சுக்கோ. பெற்றோர் தினம் எங்க நடக்குது?"

"பெரிய ஹால்ல."

"ஹால் எங்க இருக்கு?"

"மைதானத்துக்கு அந்தப் பக்கம்."

"அங்க பிரிட்ஜ் இருக்கா?"

கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்கு விளங்கியது. அண்ணன் கை வைக்காமல் இருந்திருந்தால், முந்நூறு அழைப்பிதழுக்கு வந்த கூட்டத்துக்கு எதிரே, எல்லா விளக்கும் எரிய, கையை உயர்த்தி இறக்கி, அப்போதுதான் அவளுக்கு முதன்முதலாக இந்த எட்டு பஸ்ஸும் கேட்டிருக்கும்.

"என் புருஷனைக் கும்பிடணும் நீ," என்றாள் அண்ணி.

"உன் புருஷன் இல்ல, என் அண்ணன்."

"உன் அண்ணன்னு சொன்னா நீ கும்பிட மாட்டியேன்னு சொன்னேன்."

மூக்கு உடைந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு: அதற்குமேல் உடைய ஒன்றுமில்லை. மறுநாள் அவள் கீபோர்டுக்குத் துணி போட்டு மூடினாள். பெஞ்சுகளை வட்டமாக இழுத்துப் போட்டாள். பிள்ளைகளோடு தானும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். ஐந்து வாரத்தில் அவள் அவர்கள் பக்கம் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. அங்கிருந்து பார்த்தால் கொயர் மிஸ் நிற்கும் இடம் எத்தனை தூரம் என்று தோன்றியது.

"கண்ணை மூடுங்க. யாராவது ஒருத்தர், யாருன்னு நான் சொல்ல மாட்டேன், மெதுவா ஒரு சத்தம் குடுங்க. பக்கத்துல இருக்கறவங்க அதை வாங்கிக்கங்க. அவங்ககிட்ட இருந்து அடுத்தவங்க."

"யாரும் குடுக்கலைன்னா மிஸ்?" என்று வக்கீல் கேட்டான்.

"காத்திருப்போம்."

"மணி அடிக்கற வரைக்குமா?"

"கண்ணை மூடு."

காத்திருந்தார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள், மறுபடியும் காத்திருந்தார்கள். கடைசியில் எங்கிருந்தோ நூல் மாதிரி ஒரு குரல் வந்தது. பக்கத்துக் குரல் அதைப் பிடிக்கப் பார்த்துத் தவறவிட்டது, மறுபடி பிடித்தது. அன்று இருபத்தாறு பேரும் ஒரே சுரத்துக்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு நிமிஷம் ஆனது. வந்து சேர்ந்தபோது சிலர் கண்ணைத் திறந்து, யார் செய்தது என்று பார்த்தார்கள்.

"இன்னொண்ணு. பக்கத்துல இருக்கறவங்க குரல் உங்க குரலைவிடப் பெரிசா உங்களுக்குக் கேக்கணும். அந்த அளவுக்குத்தான் நீங்க பாடணும்."

வக்கீல் கண்ணைத் திறக்காமலே எழுந்தான். "எல்லாரும் அப்படியே பண்ணா யாருமே பாட மாட்டாங்களே மிஸ்?"

"செஞ்சு பார்ப்போம்," என்றாள். படித்த நான்கு வருஷத்தில் எந்த ஆசிரியரும் அவளிடம் சொல்லாத வார்த்தை அது.

இரண்டு வாரத்தில் ஒரு நிமிஷம் அரை நிமிஷமாயிற்று. பிறகு இருபது விநாடி. தொடங்குபவர் தினமும் மாறினார், அதனால் சுரமும் தினமும் மாறியது. ஒரு நாள் பாட்டு மேலே போய் நின்றது, ஒரு நாள் தரையில் நடந்தது. இசைக்கவையை எடுத்துச் சரிபார்க்கக் கை பரபரக்கும். கையின்மேல் உட்கார்ந்துகொள்வாள். ஒரு முறை தொடங்கியது தும்மல்தான் என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது, ஏனென்றால் நடுவே நின்றது. நின்ற இடத்தில் பாட்டு விழவில்லை. அதற்குள் மற்ற இருபத்தைந்து பேர் அதை வாங்கிக்கொண்டிருந்தார்கள். தும்மி முடித்துவிட்டு, விட்ட இடத்தில் அவள் வந்து சேர்ந்தாள்.

பெற்றோர் தினத்துக்கு இரண்டு நாள் முன்பு, பத்து விநாடி. அதற்குக் கீழே போகவில்லை. அந்தப் பத்து விநாடியும் கேட்பதற்கு ஒரு தினுசாக இருந்தது: முதலில் ஒன்றுமில்லை, பிறகு ஒரு குரல், பிறகு தெருவிளக்குகள் ஒவ்வொன்றாய்ப் பற்றிக்கொள்வதுபோல. ஆனால் அது கத்தியால் நறுக்கிய தொடக்கம் இல்லை. அழைப்பிதழில் அச்சடித்தது இல்லை. மேடையில் பத்து விநாடி யாரும் ஒன்றும் பாடாமல் நின்றால், மறந்துவிட்டார்கள் என்றுதான் கூட்டம் நினைக்கும்.

அந்த வியாழக்கிழமை மதியம் முதல்வர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று முதல்வர் மேடையில் பேசப்போகும் பேச்சு. இன்னொன்று தட்டச்சு செய்து, முத்திரைகூட வைத்து, கையெழுத்துக்கு இடம் விட்ட தாள். தலைகீழாகப் பார்த்தும் 'நிரந்தரம்' என்ற சொல் அவளுக்குத் தெரிந்தது. முதல்வர் பேனா மூடியைத் திறந்து கையில் வைத்திருந்தார்.

"உக்காருங்க. மூணு விஷயம். ஒண்ணு, சனிக்கிழமை கூட்டத்துல கையெழுத்துப் போட எனக்கு நேரம் இருக்காது, இன்னிக்கே போட்டுடறேன். உங்களைப் பத்தி எனக்குச் சந்தேகம் எதுவும் இல்ல. ரெண்டு, பேச்சுல உங்களைப் பத்தி ஒரு வரி இருக்கு, சரியான்னு கேளுங்க." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "'எட்டே வாரத்தில், சுருதியைப் பிள்ளைகளின் ரத்தத்தில் கலந்துவிட்ட எங்கள் புதிய கொயர் மிஸ்...' ரத்தம் கொஞ்சம் அதிகமா இருக்கோ?"

"மேடம்..."

"எடுத்துடவா? 'மூச்சில் கலந்துவிட்ட'ன்னு போட்டுக்கலாம்."

பேனாமுனை தாளை நோக்கிப் போனது. இன்னும் ஒரு நொடி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பழக்கம்தான் மேடம் என்று அன்று சொன்ன வாய்க்கு இது ஒன்றும் பெரிய காரியமில்லை. அவள் பேனாமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நான் இல்ல மேடம்."

"எது?"

"சுருதி. நான் கலக்கல. டீச்சர்ஸ் சாப்பிடற ரூம்ல இருக்கற பிரிட்ஜ்."

முதல்வர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இனிப் பின்வாங்க இடமில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முள்கரண்டிகளோடு நின்ற இசைக்கவை, காதோரம் ஒதுக்கிய முடி, அண்ணனின் நான்கு ரப்பர் கால், எட்டு பஸ், கணக்கு ஆசிரியரின் தயிர்வரைக்கும். தயிரைச் சொன்னபோது மட்டும் முதல்வர் இருமினார்.

சொல்லி முடித்ததும் முதல்வர் தன் பேச்சுத் தாளை ஒரு தடவை பார்த்தார்.

"அப்போ நான் இத்தனை நாளாப் பாராட்டினது..."

"பிரிட்ஜை, மேடம்."

"அதுக்கு இங்க எத்தனை வருஷ சர்வீஸ்?"

"ஏழுக்கு மேல இருக்கும்னு டீ அக்கா சொன்னாங்க."

"உங்களைவிட சீனியர்."

"ஆமா மேடம்."

"லீவு?"

"ஒரு நாள்கூட எடுத்ததில்ல மேடம்."

முதல்வரின் உதட்டோரம் எதுவோ அசைந்தது. சிரிப்பா, கோபமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. பேனா இன்னும் திறந்தபடியே இருந்தது. தாளுக்கும் முனைக்கும் நடுவே ஒரு விரற்கடை.

"முந்நூறு பேருக்கு அச்சடிச்சு அனுப்பிட்டேனே, அம்மா," என்றார் முதல்வர் மெதுவாக. "இப்ப பிள்ளைங்க என்ன செய்வாங்க?"

"தொடங்குவாங்க மேடம். யாரும் சுருதி குடுக்காமலேதான். ஆனா பத்து விநாடி ஆகும். முதல்ல ஒண்ணுமே கேக்காது. மறந்துட்டாங்கன்னு தோணும். மறக்கல. ஒருத்தரை ஒருத்தர் தேடிக்கிட்டு இருப்பாங்க." வாடிக்கையாளர்களோடு பேசிப் பழகிய அந்த வழவழப்பான குரலைத் தேடினாள், கிடைக்கவில்லை. "அன்னிக்கு நீங்க பார்த்ததை நான் சொல்லிக் குடுக்கல. இதை நான் சொல்லிக் குடுத்தேன். கொஞ்சம் அவங்களும் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. அது அவ்வளவு நல்லா இருக்கான்னு எனக்குத் தெரியல மேடம். என் காதை இப்ப நான் அவ்வளவா நம்பறதில்ல."

முதல்வர் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே, மைதானத்துக்கு இந்தப் பக்கம், இசை அறையின் கதவு திறந்திருந்தது தெரிந்தது. உள்ளே இருபத்தாறு பேர் வட்டமாகப் போட்ட பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு இருங்கள், வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். வக்கீல் நிச்சயம் திறந்திருப்பான்.

அவள் எழுந்து நின்றாள். நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், அந்தத் தாள்ல இப்ப கையெழுத்துப் போடாதீங்க. கிழிக்கவும் வேண்டாம். பிள்ளைங்க அங்க காத்துக்கிட்டு இருக்காங்க. ஒரே ஒரு தடவை என்கூட வந்து, அந்தப் பத்து விநாடி மட்டும் உக்காந்து கேக்கறீங்களா?"